பிள்ளைகளின் போதைப் பழக்கம்: ஊர் என்ன செய்யலாம், அரசிடம் என்ன கேட்கலாம்?

பள்ளி, கல்லூரி வயதுப் பிள்ளைகளிடம் போதைப் பழக்கம் கூடிக்கொண்டே போகிறது, பேரணி நடத்தியாயிற்று, போலீசும் அவ்வப்போது ஆட்களைப் பிடிக்கிறது, ஆனாலும் குறைந்தபாடில்லை, இதற்கு மேல் ஊரும் அரசும் என்னதான் செய்ய முடியும், தண்டனையை இன்னும் கடுமையாக்குவதுதான் வழியா என்று கேட்டிருக்கிறீர்கள். போதைச் சிகிச்சைக்கு வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். செய்ய நிறைய இருக்கிறது, செய்து குறைத்துக் காட்டிய இடங்களும் இருக்கின்றன. ஆனால் பலன் தந்தவற்றில் பெரும்பாலானவை மேடை போட்டு ஒரே நாளில் முடிக்கிற காரியங்கள் இல்லை. மெதுவாக, வருஷக்கணக்கில், அதே ஆட்கள் அதே இடத்தில் இருந்து செய்தவை.

எந்தத் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். இதனால் அந்தப் பிள்ளை நம்பகமான ஒரு பெரியவரிடம் நெருங்கி வருமா, இல்லை விலகி ஓடுமா? விலகி ஓட வைக்கும் எதுவும், எவ்வளவு கண்டிப்பாக, எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்தாலும், கடைசியில் அந்தப் பிள்ளையை விற்கிறவன் கையில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இந்த அளவுகோலை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பலன் தராதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணமும் உழைப்பும் அதிகம் போவது அங்கேதான். 1983ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரக் காவல்துறையும் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து 'டேர்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். சீருடை போட்ட போலீஸ்காரர் வகுப்புக்கு வந்து, போதையின் கெடுதல்களைச் சொல்லி, யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று மறுக்கக் கற்றுக்கொடுப்பார். பெற்றோருக்குப் பிடித்திருந்தது, ஆசிரியர்களுக்கும் பிடித்திருந்தது, நாட்டின் பெரும்பாலான பள்ளிகளுக்கு அது பரவியது. 1990களில் ஆய்வு மேல் ஆய்வாக வந்தபோதுதான், அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் உட்காராத பிள்ளைகளுக்கும் சில வருஷம் கழித்துப் போதைப் பழக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. பிற்பாடு அந்தத் திட்டமே பழைய பாடத்தைக் கைவிட்டு வேறொரு பாடத்துக்கு மாறிக்கொண்டது.

விளம்பரங்கள் கதையும் இதே மாதிரிதான். 1998 முதல் 2004 வரை அமெரிக்க அரசு ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவு செய்து, இளைஞர்களைக் குறிவைத்து தொலைக்காட்சியிலும் வானொலியிலும் போதை எதிர்ப்பு விளம்பரங்களை ஓடவிட்டது. 2008ல் வெளியான மதிப்பீட்டு ஆய்வு, கஞ்சா பழக்கம் அதனால் குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது. அதைவிடக் கவலை தரும் விஷயம், விளம்பரங்களை அதிகம் பார்த்த பிள்ளைகளில் சிலருக்கு 'அப்படியானால் எல்லாரும் இதைச் செய்கிறார்கள் போலிருக்கிறது' என்ற எண்ணம் வளர்ந்ததற்கான அறிகுறிகள். தப்பு செய்யக்கூடிய பையன்களைச் சிறைக்கு அழைத்துப்போய்க் கைதிகளை விட்டு மிரட்ட வைக்கும் திட்டங்களும் இருந்தன, அவற்றை ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், போய் வந்த பையன்கள் போகாதவர்களைவிடப் பிற்காலத்தில் அதிகக் குற்றங்கள் செய்திருந்தார்கள்.

ஏன் இப்படி? பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த யாரோ ஒருவன் கஞ்சா பிடித்துவிட்டு மறுநாள் நன்றாகத்தான் வகுப்புக்கு வந்திருப்பான். மேடையில் பேசுகிறவர் 'ஒருமுறை தொட்டால் செத்துப்போவாய்' என்று சொன்னதும், அது பொய் என்று அந்தப் பிள்ளைக்கு அங்கேயே தெரிந்துவிடுகிறது. அதற்கப்புறம் அவர் சொல்லும் உண்மைகளும் காதில் ஏறாது. இன்னொரு காரணம் மூளையின் வளர்ச்சி. கிளர்ச்சியையும் பரிசையும் தேடும் பகுதி பதின்வயதில் வேகமாக விழித்துக்கொள்கிறது, நின்று யோசித்துத் தடுக்கும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. 2005ல் வெளியான ஒரு பரிசோதனையில் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைக் கொடுத்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்வயதினர் எடுத்த ஆபத்தான முடிவுகள் தெளிவாகக் கூடின, பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. அதாவது ஆபத்து தெரியாததால் மட்டும் ஒரு பிள்ளை போதையைத் தொடுவதில்லை, தெரிந்தும் அந்த நிமிஷத்தில் கூட்டாளிகள் முன்னால் தொடுகிறது. இந்த நிலையில் தகவல் பலகை என்ன செய்யும், சொல்லுங்கள்.

பழக்கத்திலிருந்து மீண்டவரை மேடையேற்றி அவர் கதையைச் சொல்ல வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. மனசு நெகிழும், கேட்கிற பெரியவர்கள் அழுவார்கள். ஆனால் இதுவரை பழக்கமே இல்லாத பிள்ளைகளுக்கு அது தடுப்பு மருந்தாக வேலை செய்வதில்லை என்பதைத்தான் ஆய்வுகளைத் தொகுத்து ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2013ல் வெளியிட்ட சர்வதேசத் தடுப்பு நெறிகள் சொல்கின்றன. 2018ல் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து அதைப் புதுப்பித்தது. மீண்டவர்களின் உண்மையான இடம் வேறு, கீழே சொல்கிறேன்.

சரி, எது பலன் தருகிறது? எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணத்தில் போதை என்ற பேச்சே வராது. 1985 வாக்கில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பள்ளிகளில், ஆறேழு வயதுக் குழந்தைகளின் வகுப்புகளில் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, குறித்த நேரம் வரைக்கும் தொந்தரவு செய்யாமல் இருந்த குழுக்களுக்கெல்லாம் சின்னப் பரிசு. அவ்வளவுதான். ஒரு குழு ஜெயித்தால் இன்னொன்று தோற்க வேண்டும் என்பதில்லை, எல்லாக் குழுவும் ஜெயிக்கலாம். ஆசிரியர் கத்துவது குறைந்தது, முரட்டுப் பையன்களைத் தனியே ஒதுக்கி வைப்பது குறைந்தது, அவர்களுக்கும் வகுப்பில் நண்பர்கள் கிடைத்தார்கள். அந்தக் குழந்தைகளை 19 முதல் 21 வயதில் மறுபடி பார்த்தபோது போதைக்கும் மதுவுக்கும் அடிமையானவர்கள் ஒப்பீட்டில் குறைவாக இருந்தார்கள், அதிலும் ஆறு வயதில் மிக முரடாக இருந்த பையன்களிடம்தான் வித்தியாசம் அதிகம் தெரிந்தது. ஆறு வயதில் 'இவன் எதற்கும் உதவமாட்டான்' என்று கடைசி வரிசைக்குத் தள்ளப்படும் பையனைத்தான் நாம் பத்து வருஷம் கழித்துச் சிகிச்சை அறையில் பார்க்கிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும், ஏனென்றால் அந்த வயதில் அவனைத் திருப்ப எவ்வளவு சின்ன முயற்சி போதுமாக இருந்திருக்கிறது.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குக் குடும்பத்தோடு சேர்த்துச் செய்வது பலன் தருகிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வளர்த்தெடுத்து பல நாடுகளுக்குப் போன ஒரு திட்டத்தில், 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளும் பெற்றோரும் வாரம் ஒரு மாலை என்று ஏழு வாரம் வருவார்கள். முதல் ஒரு மணி நேரம் பெற்றோர் ஒரு அறையில், பிள்ளைகள் இன்னொரு அறையில், அடுத்த ஒரு மணி நேரம் எல்லாரும் ஒன்றாக. கோபத்தில் இருக்கும்போது எப்படிப் பேசுவது, வீட்டில் விதிகளை எப்படிச் சேர்ந்து போடுவது, விதியை மீறினால் அடிக்காமல் கத்தாமல் என்ன செய்வது, பிள்ளை யாரோடு எங்கே இருக்கிறது என்று துப்பறியாமல் எப்படித் தெரிந்துகொள்வது, இவைதான் பாடம். எல்லா இடத்திலும் ஒரே அளவு பலன் கிடைத்துவிடவில்லை, நாட்டுக்கு நாடு முடிவுகள் வேறுபட்டன. ஆனாலும் பெற்றோரை உட்காரவைத்து 'உங்கள் பிள்ளையைக் கவனியுங்கள்' என்று ஒரு மணி நேரம் அறிவுரை சொல்லி அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரு நாடே சேர்ந்து செய்ததற்கு ஐஸ்லாந்தைச் சொல்லலாம். 1998ல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்தில் குடித்துப் போதையானதாகச் சொன்னார்கள். தினமும் சிகரெட் பிடித்தவர்கள் 23 சதவீதம், ஒருமுறையாவது கஞ்சா பிடித்தவர்கள் 17 சதவீதம். 2016ல் இந்த எண்கள் முறையே 5, 3, 7 என்று இறங்கியிருந்தன. என்ன செய்தார்கள்? புகையிலை வாங்க 18 வயது, மது வாங்க 20 வயது என்று சட்டம், விளம்பரத் தடை. பள்ளிகளில் பெற்றோர் அமைப்புகள் கட்டாயம். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் துணையில்லாமல் வெளியே இருக்கக்கூடாது, கோடையில் நள்ளிரவு வரை. பெற்றோர் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்: வயது வராத பிள்ளைகளுக்கு மது வாங்கித் தருவதில்லை, மேற்பார்வை இல்லாத விருந்துக்கு அனுப்புவதில்லை, மற்றவர் பிள்ளையையும் கண்காணிப்பது. மாலை நேரங்களில் பெற்றோரே குழுவாகத் தெருவில் நடந்தார்கள். விளையாட்டு, இசை, நடனம் என்று எதில் சேர்ந்தாலும் கட்டணத்துக்கு உதவ, தலைநகர் ரெய்க்யவிக்கில் பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் நகராட்சி பணம் ஒதுக்கியது.

இதில் பலரும் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அங்கே பள்ளிகளில் திரும்பத் திரும்பப் பெயரில்லாக் கணக்கெடுப்பு நடக்கிறது. பெற்றோரோடு எவ்வளவு நேரம் இருக்கிறாய், பள்ளி பிடிக்கிறதா, தனிமையாக இருக்கிறதா, குடித்தாயா என்றெல்லாம் கேட்பார்கள். முடிவு சீக்கிரமே அந்தந்தப் பள்ளிக்கும் ஊருக்கும் திரும்பி வரும். நாடு முழுவதற்குமான சராசரி எண்ணைக் கேட்டால் எல்லாரும் உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். 'உங்கள் பள்ளியில், உங்கள் பிள்ளைகளில், இத்தனை பேர்' என்று சொன்னால் அப்படிப் போக முடியாது. அடுத்த கணக்கெடுப்பில் அந்த எண் மாறியதா என்றும் தெரிந்துவிடும். உங்கள் பகுதியில் நடந்த பேரணியால் எத்தனை பிள்ளைகளுக்கு என்ன மாறியது என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், பதில் இருக்காது, ஏனென்றால் யாரும் அளந்திருக்கமாட்டார்கள்.

ஐஸ்லாந்தை அப்படியே எடுத்துப் போடலாம் என்று நான் சொல்லமாட்டேன். மக்கள்தொகை சில லட்சங்கள்தான், அதே காலத்தில் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் பதின்வயதினரின் குடி குறைந்திருக்கிறது, ஆகவே மொத்தப் பெருமையும் திட்டத்துக்குச் சேராது. வறுமை, வேலையின்மை, நெருக்கடியான வீடு என்று இருக்கும் இடங்களில் பெற்றோர் மாலை நடை போக நேரமே இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் பெற்றோரைக் குற்றம் சொல்வதற்குப் பதில், மாலை நேரத்தில் பள்ளிக் கட்டடத்தையும் மைதானத்தையும் திறந்து வைத்து, அங்கே தினமும் இருக்கும் ஒரு பெரியவருக்கு அரசு சம்பளம் கொடுப்பது நல்லது. கவனியுங்கள், மைதானம் மட்டும் இருந்தால் போதாது. ஆள் இல்லாத மைதானம்தான் பல ஊர்களில் விற்பனை நடக்கிற இடமே. பிள்ளைகளின் பெயர் தெரிந்த, இரண்டு நாள் வராவிட்டால் விசாரிக்கிற, வருஷா வருஷம் மாறாத ஒருவர் வேண்டும்.

அரசின் கையில் இருக்கும் பலமான ஆயுதம் மதுவையும் புகையிலையையும் கிடைக்கவிடாமல் செய்வதுதான். போதைப்பொருள் என்றாலே ஊசியும் பொடியும் நினைவுக்கு வருகின்றன, ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் தொடங்குவது சட்டப்படி விற்கும் சரக்கில். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி சிகரெட் விலை 10 சதவீதம் ஏறினால் நுகர்வு பணக்கார நாடுகளில் 4 சதவீதமும் மற்ற நாடுகளில் 5 சதவீதமும் குறைகிறது, கையில் காசு குறைவாக உள்ள இளைஞர்களிடம் இதைவிட அதிகம் குறைகிறது. வரி, வயது வரம்பு, விளம்பரத் தடை, உதிரியாக விற்கத் தடை, இவை 2003ல் ஏற்கப்பட்டு 2005ல் நடைமுறைக்கு வந்த உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்திலும் இருக்கின்றன. 1984ல் அமெரிக்கா மது வாங்கும் வயதை 21 ஆக்கும்படி மாநிலங்களை நெருக்கியது, அந்த வயதுக்காரர்களின் சாலை மரணங்கள் குறைந்தன. இங்கெல்லாம் சட்டம் எழுதுவது பாதி வேலைதான். வயது கேட்காமல் விற்கிறார்களா என்று கடைகளைச் சோதித்து, விற்றால் உரிமத்தில் கைவைப்பது மீதிப் பாதி. தண்டிக்கப்பட வேண்டியது வாங்க வந்த பதினாறு வயதுப் பையன் இல்லை, விற்ற முதலாளி.

தொடங்கும் வயதைத் தள்ளிப்போடுவதே பெரிய வெற்றி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1997ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள், 20 வயது தாண்டித் தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம். சீக்கிரம் தொடங்க வைக்கும் அதே வீட்டுப் பிரச்சினைகள்தான் அடிமையாகவும் வைக்கின்றன என்பது இதில் ஓரளவு உண்மை. அப்படியிருந்தாலும் வளரும் மூளைக்கு இரண்டு மூன்று வருஷம் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை.

சட்டவிரோதப் பொருட்களில் கதை கொஞ்சம் மாறும். தெருவில் விற்கும் சின்ன ஆளைப் பிடித்தால் ஒரு வாரத்தில் இன்னொருவன் அந்த இடத்துக்கு வந்துவிடுகிறான், பல நேரம் அந்த இன்னொருவனும் பழக்கத்துக்காக விற்கும் ஒரு பிள்ளைதான். வழங்கலைத் தடுப்பது வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. எந்த இடத்தில் தடுக்கிறோம் என்பது முக்கியம். ஆஸ்திரேலியாவின் தொலைதூரப் பழங்குடிச் சமூகங்களில் பிள்ளைகள் பெட்ரோல் முகர்ந்து மூளை கெட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள். 2005 முதல் போதை தரும் வேதிப்பொருட்கள் குறைவாக உள்ள 'ஓபல்' என்ற பெட்ரோலை அரசு மானியத்தோடு அந்தப் பகுதிகளில் கொண்டுவந்தார்கள், அது வந்த இடங்களில் முகரும் பழக்கம் பெருமளவு குறைந்தது. சமூகத்து மூத்தவர்கள் கேட்டுக்கேட்டுத்தான் அது நடந்தது. வலி மாத்திரை, தூக்க மாத்திரை, இருமல் மருந்து ஆகியவற்றிலும் மருந்துக்கடைக்குப் பதிவேடு, மொத்த விற்பனைக்குக் கண்காணிப்பு என்று மேல்மட்டத்தில் பிடிக்க முடியும். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளைப் பூட்டி வைப்பது அல்லது மருந்துக்கடையில் திருப்பிக் கொடுப்பது ஒவ்வொரு குடும்பமும் இன்றைக்கே செய்யக்கூடியது.

தண்டனையைக் கடுமையாக்கலாமா என்று கேட்டீர்கள். கடத்துகிறவனுக்கும் பிள்ளைகளிடம் விற்கிறவனுக்கும் தண்டனை இருக்கத்தான் வேண்டும். பயன்படுத்தும் பிள்ளையைக் குற்றவாளியாக்குவதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். போர்ச்சுகல் 2001 ஜூலையில், பத்து நாள் பயன்பாட்டு அளவுக்குள் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதைக் கிரிமினல் குற்றம் என்ற நிலையிலிருந்து எடுத்துவிட்டது. அங்கே இது இன்றும் தடை செய்யப்பட்ட பொருள்தான், போலீஸ் பிடித்தால் பறிமுதல் செய்யும். ஆனால் ஆள் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. சட்டம், மருத்துவம், சமூகப்பணி போன்ற துறைகளைச் சேர்ந்த மூன்று பேர் கொண்ட குழுவின் முன் உட்கார்ந்து பேச வேண்டும். அடிமையாகாதவரை எச்சரித்து விடலாம், அடிமையானவரைச் சிகிச்சைக்கு வழிகாட்டலாம். அதே நேரத்தில் சிகிச்சை வசதியையும் பெருக்கினார்கள், ஊசி போடுகிறவர்களிடையே எச்ஐவி தொற்று பெரிதும் இறங்கியது. பின்னாளில் நிதி சுருங்கியபோது சில நகரங்களில் பிரச்சினை மறுபடி தலைதூக்கியது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2020ல் மக்கள் வாக்களித்து, 2021 பிப்ரவரி முதல் இதே மாதிரி கிரிமினல் தண்டனையை நீக்கினார்கள். 100 டாலர் அபராதச் சீட்டு கொடுத்து, ஒரு தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் அபராதம் தள்ளுபடி என்றார்கள். அழைத்தவர்கள் ரொம்பக் கொஞ்சம், சிகிச்சைக்கான பணமும் இடங்களும் தாமதமாகத்தான் வந்தன, பொதுமக்கள் பொறுமையிழந்தார்கள், 2024 செப்டம்பரில் மறுபடி குற்றமாக்கிவிட்டார்கள். சட்டத்தை இறுக்கினாலும் தளர்த்தினாலும் அந்த ஆளோடு உட்கார்ந்து பேச யாராவது இருக்கிறார்களா என்பதுதான் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவிலிருந்த வித்தியாசம் என்று நான் நினைக்கிறேன்.

இதே தர்க்கம் பள்ளிக்கும் பொருந்தும், அங்கே நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். போதையோடு பிடிபட்ட பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்குவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் மிகப் பெரிய கெடுதல். பகல் முழுவதும் வேலையில்லாமல், மேற்பார்வை இல்லாமல், அதே பழக்கமுள்ள பெரிய பையன்களோடு இருக்கும்படி நாமே ஏற்பாடு செய்து கொடுக்கிறோம். மற்ற பிள்ளைகளைப் பாதுகாக்கத்தான் நீக்குகிறோம் என்று நிர்வாகம் சொல்லும். விற்கிற பிள்ளை விஷயத்தில் அந்தக் கவலை நியாயம்தான், அதற்கும் தனிக் கண்காணிப்பு, வகுப்பு மாற்றம், பெற்றோரோடு ஒப்பந்தம் என்று வழிகள் இருக்கின்றன. பயன்படுத்திய பிள்ளையைப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை ஆலோசகரைப் பார்ப்பது கட்டாயம் என்று சொல்லலாம். ஆலோசகரிடம் சொன்னது தலைமையாசிரியர் காதுக்குப் போகாது என்ற உறுதி எழுத்தில் இருக்க வேண்டும், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. அந்த உறுதி இல்லாத பள்ளியில் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. திடீர்ச் சிறுநீர்ப் பரிசோதனை பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். அதனால் பழக்கம் குறைகிறது என்பதற்குச் சான்று பலவீனம், நம்பிக்கை குலைவது நிச்சயம்.

அப்புறம் சிகிச்சை. பெரியவர்களுக்கான மறுவாழ்வு மையத்தில் பதினாறு வயதுப் பிள்ளையைச் சேர்ப்பது ஆபத்து, இருபது வருஷம் குடித்தவரிடமிருந்து அது கற்றுக்கொண்டு வரும் விஷயங்கள் நமக்கு வேண்டாதவை. பிள்ளைகளுக்கு வெளிநோயாளியாக, குடும்பத்தையும் சேர்த்துச் செய்யும் சிகிச்சையே பெரும்பாலும் முதல் படி. கூடவே மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைபாடு, சின்ன வயதில் நடந்த வன்முறை இவையெல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்தே ஆக வேண்டும். பல பிள்ளைகள் போதையைத் தொட்டதே தூங்க முடியாததால்தான். கட்டிப்போட்டு, அடித்து, பூட்டி வைத்துக் 'குணப்படுத்தும்' இடங்களுக்கு அரசு உரிமம் கொடுக்கவே கூடாது. 2012ல் ஐ.நா.வின் 12 அமைப்புகள் சேர்ந்து, ஆட்களைக் கட்டாயமாக அடைத்து வைக்கும் மறுவாழ்வு மையங்களை மூடச் சொல்லிக் கூட்டறிக்கையே விட்டிருக்கின்றன. ஹெராயின் போன்ற ஓபியாய்டு (அபின் வகைப் பொருள்) பழக்கத்துக்கு, அதே வகையைச் சேர்ந்த, ஆனால் ஏக்கத்தை அடக்கும் பியூப்ரினார்பின் என்ற மருந்து உண்டு, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016லேயே பதின்வயதினருக்கும் மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா' என்று குடும்பத்தார் தயங்குவது எனக்குப் புரிகிறது, ஆனால் மருந்தில்லாமல் வெறும் மன உறுதியை நம்பி வெளியே வந்த பிள்ளைகள் மறுபடி தொடும்போது உடம்பின் தாங்குதிறன் குறைந்திருக்கும், பழைய அளவே உயிரைப் பறித்துவிடும்.

அதனால்தான் நலாக்சோன் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். ஓபியாய்டு அளவு மீறி மூச்சு நின்றுபோகும்போது மூக்கில் அடிக்கும் மருந்து இது, சில நிமிஷங்களில் மூச்சைத் திருப்பும். மது, தூக்க மாத்திரைகளுக்கு இது வேலை செய்யாது, ஓபியாய்டுக்கும் இதன் பலன் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் ஆம்புலன்ஸ் கட்டாயம். அமெரிக்காவில் 2023 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்க அனுமதித்திருக்கிறார்கள். கூட்டாளி மயங்கி விழுந்தால் போலீசுக்குப் பயந்து மற்ற பிள்ளைகள் ஓடிப்போவதுதான் பல மரணங்களுக்குக் காரணம். உதவிக்கு அழைத்தவர் மேல் வழக்குப் போடுவதில்லை என்ற சட்டம் ஒன்று இருந்தால் அந்தப் பிள்ளை பிழைக்கும்.

குடும்பத்துக்கு ஒரு வார்த்தை. 'அவனாகத் திருந்த நினைக்காமல் ஒன்றும் செய்ய முடியாது, எல்லாம் இழந்து அடிமட்டத்துக்குப் போனால்தான் புத்தி வரும்' என்று சொல்வார்கள். இது பிள்ளைகள் விஷயத்தில் கொடூரமான ஆலோசனை. 1999ல் வெளியான ஆய்வு, சிகிச்சைக்கு வரமாட்டேன் என்பவரை வரவைக்க மூன்று வழிகளை ஒப்பிட்டது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து, தெளிவாக இருக்கும் நேரத்தில் அன்பாக நெருங்கி, போதையில் இருக்கும்போது சண்டை போடாமல் விலகி, சரியான தருணத்தில் சிகிச்சையை எடுத்துச் சொல்லும் முறையில் 64 சதவீதம் பேர் வந்தார்கள். எல்லாரும் கூடி முகத்துக்கு நேரே எதிர்கொள்ளும் முறையில் 30 சதவீதம். குடும்பத்தார் தங்கள் மன ஆறுதலுக்காக மட்டும் குழுவில் சேர்ந்தபோது 13 சதவீதம். இந்தப் பயிற்சியை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒருவர் கற்றுவைத்திருந்தால் எத்தனை அம்மாக்கள் அழாமல் இருப்பார்கள்.

ஊரில் எங்கே தொடங்குவது? அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது, 2003 முதல் ஏழு மாநிலங்களின் 24 சின்ன ஊர்களில் பாதியில் செய்து, பாதியில் செய்யாமல் ஒப்பிட்டார்கள். பள்ளி, மருத்துவமனை, காவல்துறை, பெற்றோர், வியாபாரிகள், இளைஞர்கள் எல்லாரும் உள்ள குழு ஒன்று. அது முதலில் பிள்ளைகளிடம் கணக்கெடுப்பு எடுக்கும். அந்த ஊரில் எது மோசமாக இருக்கிறது என்று பார்த்து, இரண்டு மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அதற்கு ஏற்கனவே சோதித்துப் பார்த்த திட்டங்களைப் போடும். எட்டாம் வகுப்பு முடியும்போது அந்த ஊர்களின் பிள்ளைகள் மது தொடங்கும் வாய்ப்பு மற்ற ஊர்களைவிட 32 சதவீதம் குறைவாக இருந்தது. பெரிய பணம் இல்லை, குழு கலையாமல் இருந்ததுதான் கடினமான பகுதி.

உங்கள் பகுதியில் குழு அமைத்தால் பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரையாவது சேருங்கள், பேருக்கு இல்லாமல் ஓட்டுரிமையோடு. எந்த மூலையில் விற்கிறார்கள், எந்த ஆசிரியரிடம் பேசலாம், மாலையில் போக இடமில்லாதது எந்தத் தெருப் பிள்ளைகளுக்கு என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மீண்டவர்களின் இடமும் இங்கேதான், சிகிச்சை முடித்து வரும் பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் துணையாக இருக்க அவர்களைப் பயிற்றுவித்துச் சம்பளத்தோடு வேலைக்கு வையுங்கள். ஒரு வருஷத்துக்கு இரண்டு காரியம்தான் முடியும் என்றால் கணக்கெடுப்பையும், பள்ளியிலிருந்து நீக்கமாட்டோம் என்ற எழுத்து உறுதியையும் முதலில் வாங்குங்கள், இரண்டுக்கும் செலவு குறைவு.

அரசிடம் மனு கொடுக்கும்போது 'போதையை ஒழிக்க வேண்டும்' என்று எழுதினால் 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று பதில் வரும், அதோடு முடிந்தது. எண்ணோடு கேளுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்தப் பகுதியில் எத்தனை சிகிச்சை இடங்கள், ஒரு பிள்ளை உதவி கேட்ட நாளிலிருந்து ஆலோசகரைப் பார்க்க எத்தனை நாள் ஆகிறது, எத்தனை பள்ளிக்கு ஒரு ஆலோசகர், வயது பார்க்காமல் விற்றதற்காகப் போன வருஷம் எத்தனை கடைகளின் உரிமம் ரத்தானது, தடுப்புக்கான பணம் எத்தனை வருஷத்துக்கு உறுதி. ஒவ்வொன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்கித் தேதியோடு பத்திரப்படுத்துங்கள், அடுத்த வருஷம் அதே கேள்விகளோடு போகும்போது ஒப்பிட அது தேவைப்படும்.